தம்பிக்குச் செய்த வில்

முதல் வில்லுக்காக என்னிடம் வருகிறவர்கள் அதன் அழகைத்தான் பார்ப்பார்கள். பிடி வழவழப்பாக இருக்கிறதா, நாண் என்ன நிறம் என்று கேட்பார்கள். பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று இழுக்கிறவனின் கை நீளம், மற்றது மூங்கிலின் மேல்தோல்.

நான் வெங்கடசுப்பிரமணியன், வீடு திருநகரில். தொழிற்பயிற்சி நிலையத்தில் இருபத்தாறு வருடமாக லேத் பட்டறை ஆசிரியர். என் கையால் செய்த எதுவும் அளவு தப்பியதில்லை, வேண்டுமானால் என் மாணவர்களைக் கேளுங்கள். 1998இல் புதுமண்டபத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையில் வில் செய்வதைப் பற்றிய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆளுயர வில், ஒரே துண்டில் செதுக்குவது. அவர்கள் சொல்லும் மரம் நம் ஊரில் கிடைக்காது. பரவைக்குப் போய்க் காளை என்பவரின் கடையில் கல்மூங்கில் வாங்கிவந்தேன். முதல் இரண்டு வில்லும் உடைந்தன. மூன்றாவது வில் உடையாமல் அம்பை விட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்ப் பக்கத்துப் பொட்டலில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். வைக்கோல் கட்டுதான் இலக்கு. அழகுபாண்டி என்று ஒரு விவசாயி, தன் டிராக்டரில் கட்டுகளை ஏற்றி வருவார். எல்லோர் கையிலும் நான் செய்த வில். அந்த ஆறு வருடமும் நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு என் தம்பி ஸ்ரீநாத் வந்தான்.

அவனைப் பற்றி நீங்களே விசாரித்திருப்பீர்கள். நல்லவன், எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் இரண்டு வருடம் ஆர்மோனியம் கற்றேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மூன்றே மாதத்தில் பஜனையில் வாசித்தான். மொட்டை மாடியில் நான் ரோஜா வைத்தேன். என்னிடம் பதியன் வாங்கிப்போய் வைத்த அவன் வீட்டில்தான் பூத்தது. வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றால் என் மனைவி ராதாமணி, பட்டறை ஆசிரியரான என்னிடமே, "கொழுந்தனக் கூப்பிடுங்க, அவரு பாத்துக்குவாரு" என்பாள். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பெரிது என்று சொந்தக்காரர்கள் என் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. ஒரு மனிதனுக்குத் தனக்கென்று ஒரு விஷயமாவது வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

போன சித்திரையில் வீட்டுக்கு வந்தான். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிர மொழி. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"அண்ணே, எனக்கும் ஒரு வில்லு பாத்துக் குடுங்க. ஞாயித்துக்கிழம சும்மாதான இருக்கேன்."

செய்து தருகிறேன் என்றேன்.

மூங்கில் வில்லில் வெளித்தோல் இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும். இழுக்கும்போது முழுப் பாரத்தையும் தாங்குவது அந்தத் தோல்தான். உள்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சீவலாம். தோலில் உளி படவே கூடாது, இது நான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது. தம்பியின் வில்லில் பிடிக்கு நாலு விரற்கடை மேலே தோலைச் சீவினேன். ஒரு நாளில் அல்ல, பத்து நாள் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு தடவையும் சுவரில் மாட்டி இழுத்து அளந்தேன். இருபத்துநாலு அங்குலம் வரை தாங்கியது. அதற்கு மேல் ஒரு சிறு முனகல் கேட்டது. தம்பியின் கை நீளத்துக்கு இருபத்தொன்பது அங்குலம் இழுப்பான். சீவிய இடத்தை மறைத்து அரக்கு நிறப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றினேன். எங்களைப் போன்ற நெசவுக்காரர் வீட்டில் பட்டு நூலுக்குப் பஞ்சமில்லை. அவன் அதைத் தடவிப் பார்த்து, "என்னா கலருண்ணே, சேலைக்கே போடலாம்" என்றான். அவன் சேலைக்கு டிசைன் வரைகிறவன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு புள்ளியாக வைப்பான். அந்த வேலைக்குக் கண்தான் எல்லாம்.

பொட்டலில் அவனைப் பதினைந்தடி தூரத்தில் நிறுத்தினேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். நாண் கண்ணாடியில் அடித்துவிடும் என்று காரணமும் சொன்னேன். அது பொய் இல்லை, சிலருக்கு அடிக்கும். அவன் மடித்து என் கையில் கொடுத்தான். அதை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புதிதாகப் பிடிக்கிறவர்கள் பாதிதான் இழுப்பார்கள். அவனும் நெஞ்சு வரைதான் இழுத்தான். முதல் அம்பு வைக்கோல் கட்டில் ஏறியது. இரண்டாவது அதற்கு ஒட்டினாற்போல் ஏறியது. எனக்கு அந்த இடம் பிடிபட எட்டு மாதம் ஆயிற்று.

"மாப்ள, அண்ணனயே மிஞ்சிருவீக போல" என்று அழகுபாண்டி கை தட்டினார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வில்லைக் கொடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் கை தட்டாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அரகொறயா இழுக்காதடா. காது வரைக்கும் இழு" என்றேன்.

இழுத்தது அவன். மேல்பாதி முறிந்து பின்னால் வந்து வலது கண்ணில் இறங்கியது. நானும் அழகுபாண்டியும்தான் டிராக்டரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனோம். அவன் தலை என் மடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டியிருந்தார்கள். தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அழுவாதீங்க. மூங்கிலு ஏமாத்துனா நீங்க என்ன செய்வீக" என்றான். நான் அழவில்லை. அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வலது கண் போய்விட்டது. தம்பி மனைவி ஸ்ரீலட்சுமி என்னிடம் பேசுவதில்லை, அது நியாயம்தான். என்னைத் தூங்கவிடாதது வேறு. மறு ஞாயிறு அழகுபாண்டி என் வாசலில் ஐந்து வில்லைக் கொண்டுவந்து போட்டார். "தப்பா நெனைக்காதீகண்ணே. தெரியாத வேலைய இழுத்துப் போட்டுக்கிட்டீக. இனி யாரும் இதத் தொடமாட்டாக." அந்த ஐந்து வில்லிலும் ஒரு கீறல்கூடக் கிடையாது.

இன்று காலை தம்பி கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "அண்ணனுக்கு வில்லுச் செய்ய வராது, ஆசைக்குச் செஞ்சாரு. அவரு மேல கேசு வேணாம், விட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறான். நான் வீட்டுக்குப் போகலாம் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள்.

நான் போகவில்லை. உடைந்த துண்டுகள் உங்களிடம்தான் இருக்கின்றன. பட்டு நூலைப் பிரியுங்கள். பிடிக்கு நாலு விரற்கடை மேலே, நான் சீவிய இடத்தில், ஒரு நூல் அளவு இப்படி அப்படி இல்லாமல் முறிந்திருக்கும். அவன் சொன்னது தவறு, சார். எனக்கு வில் செய்ய வரும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.