லீவன் டெமுய்ங்க் காட்டிய முகம்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் அவர்களே, லீவன் டெமுய்ங்க் ரசிகர் மன்றத் தலைவர் பெர்ட்ராம் அவர்களே, என் அணித் தோழர்களே, முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் லீவனின் மனைவி ஆன்னெலீன் அவர்களே, மழையிலும் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஊர் மக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

‘ஒருநாள் சைக்கிள் பந்தய மன்னர் லீவன் டெமுய்ங்க் அவர்கள்’ என்று தொடங்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவனை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் ஓடும் பந்தயங்களுக்கு அவன் போனதே இல்லை. ஏன் போகவில்லை? “நாளைக்குன்னு ஒன்னு இருக்குன்னா எனக்குக் கால் சுத்தாதுடா யோரிஸ். இன்னைக்கே செத்து இன்னைக்கே பொழைக்கணும்” என்பான். அப்படியே பதிமூன்று வருடம் கல் பாவிய பாதையிலும் சேற்றிலும் ஓட்டினான். அதில் பதினொரு வருடம் அவனுக்கு முன்னால் சைக்கிள் ஓட்டிக் காற்றை என் நெஞ்சில் வாங்கிக்கொள்வதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. அவன் கால் கடைசி வரைக்கும் சோராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதோ மேடையில் மாட்டியிருக்கும் இந்தப் படத்தைப் பாருங்கள்! நாக்கு வெளியே தொங்குகிறது, கண் சொருகியிருக்கிறது. என்ன பாடு பட்டிருக்கிறான் என்று எத்தனை பேர் அழுதிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லட்டுமா? அத்தனையும் நடிப்பு!

இந்தப் படம் எடுத்த பந்தயத்தில் மூன்று பேர் கூட்டத்தை விட்டு முன்னால் தப்பிப் போய்விட்டார்கள். ஒரு டச்சுக்காரன், ஒரு டேனிஷ்காரன், நம்மவன். நம்மவன் ஒரு தடவைகூட முன்னால் போய்க் காற்றை வாங்கவில்லை. “அண்ணே, மூச்சே வரல. நிஜமாத்தான். நீங்க ரெண்டு பேரும் ஜெயிங்க, எனக்கு மூணாவது எடம் போதும்” என்று கெஞ்சினான். பாவம், டச்சுக்காரன் தன் தண்ணீர் பாட்டிலைக்கூடக் கொடுத்தான்! வாங்கிக் குடித்துவிட்டு, முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது எழுந்து மிதித்தான் பாருங்கள், அந்த இரண்டு பேரும் அப்படியே நின்றுபோனார்கள். அந்த வருடம் முழுக்க நம் காபிக்கடைகளில் வேறு பேச்சு இருந்ததா?

சிரிக்கிறீர்கள். நானும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆன்னெலீன், ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் கேட்டாய்: “கடைசியா ஏதாவது சொன்னானா?” நான், “ஒன்னும் சொல்லல” என்றேன். அது பொய்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. பயிற்சிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஸ்டேன்ஹெல்லிங் மேட்டில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எவன் பின்னால் வருகிறானோ, அவன் மேலே இருக்கும் கடையில் காபி வாங்கித் தர வேண்டும். மேட்டின் அடிவாரத்தில் லீவன் சொன்னான்:

“யோரிஸ், முடியலடா. நெஞ்சை அடைக்குது. கொஞ்சம் நில்லு.”

திரும்பிப் பார்த்தேன். இதே முகம். இந்தப் படத்தில் இருக்கும் அதே முகம்!

“யாருகிட்டடா கதை விடுற? நான் என்ன டச்சுக்காரனா? இன்னைக்கு காபி உன் தலையில!” என்றேன்.

“நிஜமாத்தான்டா” என்றான்.

நான் எழுந்து மிதித்தேன். அவனிடம் கற்ற வித்தையை அவன் மேலேயே காட்டிவிட்டு, மேலே போய் இரண்டு காபி சொன்னேன். வந்ததும் என்ன சொல்லிக் கிண்டல் பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவன் வரவில்லை. இறங்கிப் போனபோது பால் லாரி ஓட்டி வந்த ஒரு மனிதர் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கை வரவே இல்லை. கூட நின்றிருந்தால் பிழைத்திருப்பானா? டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது” என்கிறார். பிழைத்திருப்பான் என்றாலும் தாங்கமாட்டேன், மாட்டான் என்றாலும் நம்பமாட்டேன். நான் என்ன செய்யட்டும்?

பதினொரு வருடம் அவனை விட்டு நகராதவன், அந்த நான்கு நிமிடம் விட்டுப் போனேன்.

‘அவர் பணியைத் தொடர்வோம்’ என்று உறுதி சொல்லி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அவன் இடத்தில் நான்தான் ஓட்ட வேண்டுமாம். ஓட்டுகிறேன். ஆனால் அவன் வித்தையை என்னால் தொடர முடியாது. இனி எவன் என் பக்கத்தில் ‘முடியலை’ என்றாலும், எதிரணிக்காரனே சொன்னாலும், பிரேக்கைப் பிடித்து நிற்பேன். ஊரே ‘ஏமாந்த பயல்’ என்று சிரிக்கட்டும். எல்லாப் பந்தயத்திலும் தோற்றாலும் தோற்கிறேன். என் உறுதிமொழி இது ஒன்றுதான்.

ஆன்னெலீன், என்னைத் திட்டு. திட்டாமல் அப்படிப் பார்க்காதே.

டேய் லீவன், எல்லாரையும் ஏமாத்தினியேடா! இந்த ஒரு தடவையும் நடிப்புன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடேன். நான் தோத்துட்டேன்டா, ஒத்துக்கறேன். காபி நான் வாங்கித் தர்றேன், வாடா.