அவரே கழுவி வைக்கும் டம்ளர்

டாக்டர்: ...அப்படிக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்கம்மா. பையோட மேஜை மேல கொட்டுங்க.

மனைவி: எல்லாத்தையுமாங்க?

டாக்டர்: எல்லாத்தையும். வியாழக்கிழமை இவரைத் தூங்க வைக்கப் போறது நான். என்னென்ன முழுங்கறார்னு தெரியாம ஊசியைத் தொட மாட்டேன்.

கணவர்: என்னைத் தூங்க வைக்க ஊசி எதுக்கு டாக்டரம்மா? ஃபேனைப் போட்டு விடுங்க, நானே தூங்கிடுவேன். எழுப்பறதுக்குத்தான் ஆள் வேணும்.

டாக்டர்: எழுப்பறதும் நான்தான். அதனாலதான் கேட்கிறேன்.

மனைவி: இவர் பேச்சைக் கேட்டீங்கன்னா பொழுது விடிஞ்சிடும். இந்தாங்க, இது பிரஷருக்கு. காலையில ஒண்ணு.

டாக்டர்: இதை நிறுத்த வேண்டாம். ஆபரேஷன் அன்னைக்கும் காலையில போடணும், ஒரே ஒரு வாய் தண்ணியில.

கணவர்: வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே? நான் எல்லாத்தையும் நிறுத்திட்டு பரிசுத்தமா வரலாம்னு இருந்தேன்.

டாக்டர்: நல்லவேளை வாயைத் திறந்தீங்க. பிரஷர் மாத்திரையை விட்டுட்டு வந்தா, மேஜையில படுத்ததும் பிரஷர் எகிறும். நான் வீட்டுக்கு அனுப்பிடுவேன்.

மனைவி: கேட்டுக்குங்க. இது சுகருக்குங்க.

டாக்டர்: இது அன்னைக்கு வேண்டாம். சாப்பிடாம இதை மட்டும் போட்டா மயங்கிடுவார்.

கணவர்: பாருங்க, ஒண்ணு போடணும், ஒண்ணு போடக் கூடாது. இவ ரெண்டையும் சேர்த்து என் வாயில திணிச்சிருப்பா.

மனைவி: நான் ஏன் திணிக்கிறேன்? இவர்தாங்க எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காம முழுங்குவார்.

டாக்டர்: இந்த சிவப்பு மாத்திரை?

மனைவி: இதா...? இது என்னதுங்க? நான் பார்த்ததே இல்லையே!

கணவர்: அது... முட்டி வலிக்கு. மூணாவது மாடி வாத்தியார் கொடுத்தார். நான் அவருக்கு கேஸ் சிலிண்டர் கொடுத்தேன், அவர் எனக்கு மாத்திரை கொடுத்தார்.

மனைவி: ஊரான் மாத்திரையை வாங்கிப் போடற அளவுக்கு வந்துட்டீங்களா?

கணவர்: லிஃப்ட் இல்லாத வீட்டுல நாள் முழுக்க சிலிண்டர் தூக்கறவன் முட்டி என்னடி பண்ணும்? குடலே இறங்கிடுச்சு, முட்டி சும்மா இருக்குமா?

டாக்டர்: இன்னைக்கே இதை நிறுத்துங்க. ரத்தம் உறையாது. கத்தி வெச்சா நிக்காம வரும். வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லிடுங்க.

கணவர்: சரிங்க.

டாக்டர்: வேற மாத்திரை?

மனைவி: இல்லீங்க.

கணவர்: இல்லீங்க.

டாக்டர்: ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொல்றீங்க?

மனைவி: ...இல்லாததை இல்லைன்னுதானே சொல்ல முடியும்?

டாக்டர்: சரி. குடி, சிகரெட்?

கணவர்: சிகரெட் தொட்டதில்ல. குடி இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. இப்போ இல்ல.

மனைவி: சுத்தமா விட்டுட்டாருங்க. இப்போ ராத்திரி ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். கட்டிக்கிட்ட நாள்ல இருந்து சாப்பிட்ட தட்டை நகர்த்தி வெச்சதில்ல இந்த மனுஷன். இப்போ பால் குடிச்ச டம்ளரைத் தானே எடுத்துட்டுப் போய்க் கழுவி வெச்சிட்டு, பல்லும் விளக்கிட்டு வர்றாருன்னா பாருங்களேன்! சத்தியமா, தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

கணவர்: இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவ? மானம் போகுது.

டாக்டர்: சொல்லட்டும் சார். எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு நாள் பாடம் எடுங்க. இப்போ வெளியே நர்ஸ் இருக்காங்க, வெயிட் பார்த்துட்டு வாங்க.

கணவர்: நீயும் வர்றியா?

மனைவி: நீங்க போங்க. நான் இதையெல்லாம் பையில அள்ளிப் போட்டுட்டு வர்றேன்.

கணவர்: சீக்கிரம் வா. அந்த நர்ஸம்மா முகத்தைப் பார்த்தா மிஷின் சொல்றதை விட ஜாஸ்தி எழுதுவாங்க போல.

டாக்டர்: ...கதவைச் சாத்திட்டார். சொல்லுங்கம்மா.

மனைவி: எதைங்க?

டாக்டர்: பையில எல்லாத்தையும் போட்டாச்சு, ஜிப்பும் இழுத்தாச்சு, இன்னும் எழுந்திருக்கல நீங்க.

மனைவி: ...அவர்கிட்ட சொல்ல மாட்டீங்களே?

டாக்டர்: முதல்ல என்னன்னு சொல்லுங்க.

மனைவி: இது... கர்சீப்ல முடிஞ்சு வெச்சிருக்கேன். ஒரு நிமிஷம். இந்தாங்க.

டாக்டர்: ...இது குடியை நிறுத்தற மாத்திரை.

மனைவி: ஆமாங்க. ஒரு டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். இவர் ஒரு வேளை போட்டுட்டு, எனக்கு மாத்திரையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டார். நான் பொறுக்கி எடுத்து வெச்சேன். பொடி பண்ணி...

டாக்டர்: பால்ல.

மனைவி: ...பால்ல.

டாக்டர்: ஒவ்வொரு ராத்திரியும்?

மனைவி: தவறாம. தீர்ந்து போனா தெரிஞ்ச கடையில வாங்கிடுவேன்.

டாக்டர்: அம்மா, இதை உள்ள வெச்சுக்கிட்டு ஒரு வாய் குடிச்சா என்ன ஆகும் தெரியுமா? இதயமே நின்னு போகலாம். அவருக்குத் தெரிஞ்சு போட்டா அது வைத்தியம். தெரியாமப் போட்டா...

மனைவி: தெரியும். கண்ணால பார்த்தேன். எங்க அக்கா வீட்டு விசேஷத்துல ஒளிஞ்சு ஒரு கிளாஸ் குடிச்சிட்டார். முகமெல்லாம் செக்கச்செவேல்னு ஆகி, மூச்சு இழுக்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது... போயிட்டார்னே நினைச்சேன். நானே கொன்னுட்டேனேன்னு கால்மாட்டுல உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர்: அதுக்கப்புறமும் கலந்தீங்களா?

மனைவி: நிறுத்தினா குடிச்சே சாவார். கலந்தா இதுல சாவார். நான் என்னங்க பண்ணட்டும்? படியேறும்போது தள்ளாடி சிலிண்டரோட உருண்டவருங்க அவர். ராத்திரி வாசல்ல காலடிச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிர் என்கிட்ட இருக்காது. இதை ஆரம்பிச்ச பிறகுதான்... குடிக்கல. அந்த ஒரு தடவைக்கு அப்புறம் தொடவே இல்ல.

டாக்டர்: இந்தத் தண்ணியைக் குடிங்க... இப்போ நான் சொல்றதைப் பொறுமையா கேளுங்க. இந்த மாத்திரை நிறுத்தின உடனே உடம்பை விட்டுப் போகாது. நான் கொடுக்கிற மயக்க மருந்தோட சேர்ந்தா பிரஷர் தடால்னு விழலாம். சில மருந்துல சாராயம் கலந்திருக்கும். தோல் துடைக்கிறதுலகூட ஸ்பிரிட் இருக்கு. நீங்க சொல்லாம விட்டிருந்தா, அவர் ஏன் அப்படி ஆனார்னு எனக்கே விளங்கியிருக்காது.

மனைவி: ஐயோ!

டாக்டர்: சொல்லிட்டீங்க இல்ல, அதுவே பெரிய விஷயம். நிறுத்தி ரெண்டு வாரமாவது ஆகட்டும். ஆபரேஷனைத் தள்ளி வெச்சிடலாம்.

மனைவி: தள்ளி வெச்சா எப்படிங்க? போன வாரம் வலி தாங்காம மாடிப்படியிலேயே சுருண்டு உட்கார்ந்துட்டார். அதுவும் போகட்டும்... அந்த ரெண்டு வாரம் மாத்திரை இல்லாம, வேலையும் இல்லாம வீட்டுல சும்மா கிடப்பார். மறுபடி ஆரம்பிச்சிட்டார்னா?

டாக்டர்: அந்தப் பயம் நியாயம்தான். ஆனா அவர் உடம்புக்குள்ள என்ன போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சாகணும். நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.

மனைவி: சொன்னா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பாரா இனிமே?

டாக்டர்: ...வர்றார் பாருங்க.

கணவர்: ரெண்டு சிலிண்டரும் ஒரு ரெகுலேட்டரும் சேர்ந்த வெயிட் இருக்கேனாம்! இவ்வளவையும் நானேதான் தூக்கிட்டு அலையறேன், கூலி ஒருத்தரும் தர்றதில்ல... என்ன, ரெண்டு பேர் முகமும் இப்படி இருக்கு? எனக்கு ஏதாவது பெருசா...?

டாக்டர்: உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உட்காருங்க. அம்மா ஏதோ சொல்லணுமாம்.

கணவர்: இவ என்கிட்ட பேச உங்க சிபாரிசு வேணுமா? சொல்லுடி.

மனைவி: என்னங்க... ராத்திரி பால் கொடுக்கிறேன் இல்ல...

கணவர்: ஆமா.

மனைவி: அதுல... நீங்க தூக்கிப் போட்டீங்களே ஒரு மாத்திரை... அதைப் பொடி பண்ணி... இத்தனை நாளும்...

கணவர்: ம்.

மனைவி: வெறும் ம்தானா? திட்டுங்க. அடிக்க வேணா அடிங்க. டாக்டரம்மா இருக்காங்கன்னு பார்க்காதீங்க.

கணவர்: அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்குவ. முதுகுதான் தெரியும். சர்க்கரையே போடாத பால்ல அவ்வளவு நேரம் ஸ்பூனைப் போட்டு ஆட்டுவ. நான் என்ன பச்சைக் குழந்தையா?

மனைவி: தெரியுமா...?

கணவர்: தையல் மிஷின் டிராயர். பாபின் டப்பா. அடியில.

மனைவி: எப்போ இருந்து?

கணவர்: உங்க அக்கா வீட்டுல விழுந்து எழுந்தேன் பாரு, அதுக்கு மறுநாள். ஒரு கிளாஸுக்கு யாராவது அப்படி ஆவாங்களா? வீட்டைக் கிளறினேன். கிடைச்சதை மருந்துக்கடையில காட்டினேன்.

மனைவி: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே!

கணவர்: அன்னைக்கு ராத்திரி அந்த டம்ளரை உன் முகத்துலயே விட்டெறியணும்னுதான் இருந்துச்சு. நீ நீட்டின. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்த. வாங்கிக் குடிச்சிட்டேன். என்னால முடியாததை இவளாவது பண்றாளே, பண்ணட்டும்னு தோணுச்சு.

மனைவி: விஷம்னு தெரிஞ்சே குடிச்சீங்களா...

கணவர்: விஷம் எதுன்னு எனக்குத் தெரியும். அதை அதுக்கு முன்னாடி குடிச்சிட்டிருந்தேன்.

டாக்டர்: சார், உங்க வீட்டுச் சண்டையில நான் தலையிடல. ஆனா மாத்திரை உள்ள போயிட்டிருக்கு. ஆபரேஷனை ரெண்டு வாரம் தள்ளணும்.

கணவர்: தள்ள வேண்டாம் டாக்டரம்மா.

டாக்டர்: வலி எனக்குப் புரியுது, ஆனா...

கணவர்: உள்ளயே இல்லாத மாத்திரைக்கு எதுக்கு ரெண்டு வாரம்?

மனைவி: நேத்துகூட கலந்தேனே!

கணவர்: கலந்த.

மனைவி: காலி டம்ளரைப் பார்த்தேனே, கழுவி கவுத்து வெச்சிருந்தீங்க...

கணவர்: கழுவினேன். வாஷ்பேசின்ல ஊத்திட்டுக் கழுவினேன்.

மனைவி: ...என்னது?

டாக்டர்: அதுக்குத்தான் பல்லு விளக்கப் போறதா!

கணவர்: குழாயைத் திறந்து விட்டாத்தானே சத்தம் கேட்காது? நீங்க வேற மாத்திரை இருக்கான்னு கேட்டப்போ இல்லன்னேன். பொய் சொல்லல.

டாக்டர்: எவ்வளவு நாளா ஊத்தறீங்க? இது எனக்குச் சரியா தெரியணும்.

கணவர்: போன மழைக்காலத்துல இருந்து. கொஞ்ச நாள் இவளுக்காகக் குடிச்சேன். அப்புறம் ஒரு அரிப்பு... குடிக்காம இருக்கிறது நானா, இல்ல அந்தப் பொடியான்னு. பார்த்துடலாம்னு ஒரு நாள் ஊத்தினேன். மறுநாள் சாயங்காலம் பிராந்திக்கடை வாசல் வழியா வண்டியைத் தள்ளிட்டு வந்தேன். கால் அங்க நிக்காம வந்துடுச்சு. அதுக்கு அடுத்த நாளும் ஊத்தினேன்.

டாக்டர்: நடுவுல ஒரு சொட்டு...?

கணவர்: சொட்டுகூட இல்ல. ரத்தம் எடுத்துப் பாருங்க.

டாக்டர்: எடுக்கத்தான் போறேன். ஈரலையும் பார்த்துடறேன். ஆனா நம்பிட்டேன் சார். ரிப்போர்ட் சரியா இருந்தா, வியாழக்கிழமை காலையில வந்துடுங்க.

மனைவி: அப்போ... மழைக்காலத்துல இருந்து... நீங்களாவேவா? ஒண்ணுமே இல்லாமலா?

கணவர்: நானாவேதான். எதுக்கு இப்போ அழற? நல்லதுக்கும் அழுகையா உனக்கு?

மனைவி: பாவி மனுஷா! அத்தனை பாலையும் கொட்டிட்டீங்களே! கெட்டியா காய்ச்சி, ஆடையை எடுத்து... தெருவெல்லாம் சொல்லிட்டேனே, டம்ளர் கழுவறார், டம்ளர் கழுவறார்னு! ஏங்க, ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருந்தா நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்? ஏன் சொல்லல?

கணவர்: சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஆனா... ஸ்பூனை ஆட்டி, டம்ளரை என் கையில கொடுத்துட்டு நீ போய்ப் படுப்ப. நான் கழுவிட்டு வர்றதுக்குள்ள குறட்டை விட்டுட்டு இருப்ப. அதுக்கு முன்னாடி, கட்டிக்கிட்ட நாள்ல இருந்து, நீ எனக்கு முன்னாடி தூங்கி நான் பார்த்ததே இல்லடி.