முகத்துல போட்ட துணி

கை ரொம்ப வலிக்குதா டாக்டரம்மா? சத்தியமா வேணும்னு அடிக்கலைங்க. நீங்க பாட்டுக்குத் திடுதிப்புன்னு புள்ள மூஞ்சியில துணியைப் போட்டீங்களா, என் கை தானா வந்துருச்சு. என்ன, டாக்டர் இல்லையா? கைகால் பயிற்சி பாக்குறவங்களா? வெள்ளைக் கோட்டு போட்டா எனக்கு எல்லாரும் டாக்டரம்மாதான்.

ஓ, துணியை அவளே இழுத்துப் போடுறாளான்னு பாக்குறதா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல.

நான் அத்தை. அவ அப்பனுக்கு அக்கா. அம்மாக்காரி கீழ பொம்பளைங்க வார்டுல கெடக்கா. போன வாரம் இதே மாதிரிதான், ஈரத்துண்டு. அம்மாக்காரி மூஞ்சியில போட்டு, நெஞ்சுல முட்டியை வெச்சு அமுக்குறான் என் தம்பி. நொண்டிப் புள்ளையைப் பெத்தவளேன்னு கத்திக்கிட்டே. அவ கால் ரெண்டும் தரையில அடிச்சுக்குது. நெறமாசத்துக்கு முன்னாடியே வயித்துல எட்டி ஒதைச்சு, எலிக்குஞ்சாட்டம் வெளிய வரவெச்சதே அவன்தானே! தாயில்லாப் புள்ளன்னு அவனை நான்தான் இடுப்புல சுமந்து வளத்தேன். வளத்த கடா மாருல பாயும்பாங்க. இவன் அடுத்தவ வயித்துல பாஞ்சான்.

புள்ளைக்கு எட்டு மாசம் ஆச்சுங்க. ஆறுன்னுதான் வெச்சுக்கணுமா? சீக்கிரம் பொறந்ததைக் கழிச்சிரணுமா? நல்ல கணக்கு. எல்லாத்தையும் அப்படிக் கழிக்க முடிஞ்சா தேவலை.

கழுத்து நின்னுருச்சு. உக்காரவெச்சா சாயுறா, சரி, அது வரும்ங்கறீங்க. இந்த இடது கைதான். எப்பவும் மூடியே கெடக்கும். யாரைடீ குத்தப் போறேன்னு கேப்பேன்.

போடுங்க. இந்தத் தடவை என் கையைப் பின்னாடி கட்டிக்கிறேன். இவ வலது கையை நீங்க பிடிச்சுக்குவீங்களா? ஐயோ பாவம்ங்க... சரி, பேசல.

முக்குறா பாருங்க. எடுத்துரட்டுமா? ம். இழுடீ. அத்தை வரமாட்டேன், நீயே இழு.

பாத்தீங்களா! விரிஞ்சுது! கிழிக்கிற மாதிரில்ல இழுத்துப் போட்டா, கழுதை!

மேல்மாடில அவ அப்பனுக்கும் இதே சோதனைதான். கையைத் தூக்கு, விரலை விரின்னு கேட்டுக் கேட்டுப் பாக்குறாங்க. ஒண்ணும் அசையலையாம். நம்ம கடை இஸ்திரிப் பெட்டி கனம் ஜாஸ்தி. அன்னிக்கு அவன் மண்டையில ஒரே போடுதான் போட்டேன். வாசல்ல நிக்கிறாரே போலீஸ்காரர், என்னைக் கூட்டிட்டுப் போகத்தான். இவ கையைப் பாத்துட்டு வரேன்னேன். நல்ல மனுசன், சரின்னாரு.

புள்ளையைக் கீழ அம்மாகிட்ட விட்டுருங்க. இடது கை எடுத்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. அந்தத் துணியை இப்படிக் குடுங்க, மடிச்சு வெச்சிட்டுப் போறேன்.