எங்கள் வீட்டு ஞானஸ்நானக் கவுன்

டார்சி: என் பையன் டேவிஸோட வளைஞ்ச கால் சுண்டுவிரலைக்கூட விடாம வரைஞ்சிருக்கீங்களே, மிஸ் ஆகஸ்டா! கணப்புக்கு மேல மாட்டினா அம்சமா இருக்கும்.

ஆகஸ்டா: இந்தச் சவானா ஊர்ல பிள்ளைங்களை வெறுங்காலோடதான் வரையணும், கண்ணு. எண்ணெய்ச் சாயம், இன்னும் காயல... தொடாதே.

டார்சி: தொடல, தொடல... அது என்ன, மூடி வெச்சிருக்கு?

ஆகஸ்டா: அது வேற வீட்டுப் படம். காபி குடிக்கிறியா?

டார்சி: துணிக்குக் கீழ தெரியுதே, அந்த வளைஞ்ச சுண்டுவிரல் யாரோடது?

ஆகஸ்டா: எடுக்காதே... டார்சி! சொன்னா கேளேன்!

டார்சி: என் பிள்ளைங்க! அதே நாற்காலி, அதே வெள்ளை உடுப்பு... என் பொண்ணு எலோயிஸ் மடியில இருக்கிறது யாரு?

ஆகஸ்டா: ...ரஸ்ஸும் ஒரு படம் கேட்டாரு.

டார்சி: என்னை விட்டுட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டுப் போன ஆளு கேட்டா வரைஞ்சிடுவீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாதா?

ஆகஸ்டா: சொல்ல வேண்டாம்னாரு. அவருக்கும் பிள்ளைங்கதானேம்மா...

டார்சி: எனக்குப் பிள்ளைங்க ரெண்டே ரெண்டு! இது அந்தக் கெல்சி பெத்தது!

ஆகஸ்டா: தம்பி இல்லாம உட்கார மாட்டேன்னு எலோயிஸ்தான் ஒத்தக் கால்ல நின்னா.

டார்சி: தம்பியாம் தம்பி! ...இருங்க. இது போட்டிருக்கிற கவுன்... ஐயோ, இது எங்க வீட்டுக் கவுன்! எங்கம்மா, நான், என் ரெண்டு பிள்ளைங்க, நாலு பேரும் இதைப் போட்டுத்தான் ஞானஸ்நானம் வாங்கினோம். வேத்து ரத்தம் மேல இது பட்டதே இல்ல!

ஆகஸ்டா: எனக்கென்ன தெரியும்? சனிக்கிழமை எலோயிஸ் புத்தகப் பையில கொண்டு வந்தா. போட்டு விட்டோம்.

டார்சி: அழிச்சிடுங்க. வேற எதையாவது போட்டு வரைங்க. ஒரு சாக்குப் பையை வரைஞ்சாலும் சரி!

ஆகஸ்டா: உனக்குத் தெரியாமலா எடுத்துட்டு வந்தா?

டார்சி: பின்னே? தெரிஞ்சா விட்டிருப்பேனா?

ஆகஸ்டா: டார்சி... கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பா தேய்ச்சிருந்தது. லேஸ்ல புது ரிப்பன் கோத்திருந்தது. கசங்காம மெல்லிசு காகிதம் சுத்தியிருந்தது. எட்டு வயசுப் பொண்ணு செய்யிற வேலையா அது?

டார்சி: காபி குடுக்கிறேன்னீங்களே, எங்க?

ஆகஸ்டா: யாரு தேய்ச்சா?

டார்சி: நான்தான் தேய்ச்சேன்! போதுமா? கெல்சிக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாது, தம்பிக்கு ஞானஸ்நானத்துக்குப் போட ஒண்ணுமே இல்லன்னு எலோயிஸ் ராத்திரியெல்லாம் மூக்கைச் சிந்தினா. மனசு கேக்கல... யார்கிட்டயும் மூச்சு விடாதேடின்னு சொல்லி நானே பையில வெச்சேன். ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஒரு மணி நேரம் போடத்தான் குடுத்தேன், மிஸ் ஆகஸ்டா... அவன் வீட்டுக் கணப்பு மேல நூறு வருஷம் மாட்டி வைக்கக் குடுக்கல!