பீப்பாய்க்குள் அக்கா மகன்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் தம்பி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை.

என் ஆராய்ச்சி, முந்நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு தத்துவஞானியைப் பற்றியது. பீப்பாய்க்குள் உட்கார்ந்து, காற்றில் முக்கால்வாசியைப் பம்பு வைத்து உறிஞ்சச் சொன்னாராம். காதுவலியோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாராம். அவரே எழுதியிருக்கிறார். அது உண்மை என்று வாதாடித்தான் நான் பேராசிரியர் ஆனேன். எத்தனையோ மாணவர்கள் அந்தக் காதுவலியைப் பரீட்சையில் எழுதித் தேறினார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரே போதும் என்றிருந்துவிட்டேன்; குறட்டை விடாத மனிதர்.

அக்கா மகனை இந்த அறிவியல் வரலாற்றுத் துறையில் சேர்த்துவிட்டதும் நான்தான். போன மாதம் வந்து உட்கார்ந்தான்.

"சித்தி, உங்க ஆளு நல்லா அளந்து விட்டிருக்காரு. முக்கால்வாசி காத்து போனா எவன் சிரிப்பான்? மாநாட்டுல போட்டு உடைக்கப்போறேன்."

"செஞ்சு பாக்காம சொல்லாதடா."

"அப்ப ஒரு எலிய உள்ள விடுவோம்."

"எலி வந்து காது வலிக்குதுன்னு சொல்லுமா?"

சிரித்துவிட்டான். பழைய கருவிகளைத் திரும்பச் செய்து பார்ப்பது எங்கள் துறையில் வழக்கம். பல்கலைக்கழகத்தில் பீப்பாய் தயாராக இருந்தது. பம்புக்கு மோட்டார் மாட்டியிருந்தோம். கையால் அடிக்க என் தோள்பட்டை இடம் கொடுக்காது. எலிக்குப் பதிலாக அவனே உள்ளே இறங்கினான்.

"கால்வாசிதான் சித்தி. நான் தட்டினா நிறுத்திடணும்."

"சரிடா கண்ணா."

கால்வாசியில் தட்டினான். நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் நூலில் இருப்பது முக்கால்வாசி. பாதியில் விட்டால் அதற்குப் பெயர் சோதனையா? பீப்பாயில் பதித்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாய் அசைந்தது, சித்தி என்றுதான் நினைக்கிறேன். பிறகு தட்டவில்லை. பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். முக்கால்வாசி ஆனதும் முறைப்படி நிறுத்தித் திறந்தேன். அவன் சிரிக்கவில்லை.

அக்கா இரண்டே கேள்விதான் கேட்டாள். "தட்டினானாடி?"

"தட்டினான்க்கா."

"நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"குறிப்பு எடுத்திட்டிருந்தேன்."

அதோடு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு எப்போதுமே ஆராய்ச்சி என்றால் ஆகாது.

ஆமாம் தம்பி, நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் தத்துவஞானி புளுகினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு சோதனையை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சளித் தொல்லை வேறு. உங்களுக்கு நல்ல அகலமான மார்பு. சிகரெட் பழக்கம் ஏதும் இல்லையே?