பேச்சியம்மா சுட்ட ஐந்து வெடிகள்

1984ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆந் திகதி, காலை 9.40. பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி முன்னிலையில் சொல்லப்பட்டதைக் கொன்ஸ்டபிள் சரவணமுத்து தமிழில் பதிவு செய்தது.

எனது பெயர் காத்தமுத்து பேச்சியம்மா. வயது முப்பத்தெட்டு. தொழில் கமம். விலாசம், இலுப்பைக்கடவை, பெரிய வீதிக்குக் கிழக்கே உள்ள குடியேற்றக் காணி. பிறந்தது மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள், அதனால் கணவருடன் இங்கு வந்தேன். அதற்கு முன் பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தேன். இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் காணி. மரவள்ளியும் கச்சான் கடலையும் செய்கிறோம். சென்ற கார்த்திகை மாதம் காட்டுப்பன்றிகள் இறங்கி ஒரே கிழமையில் முக்கால் ஏக்கர் மரவள்ளியைக் கிளறிப் போட்டன. தகரம் தட்டி விரட்டப் போன என் கணவர் காத்தமுத்துவின் தொடையை ஒரு பன்றி கிழித்தது. எலும்பும் முறிந்து, இன்றுவரை அவரால் தடியில்லாமல் நிற்க முடியாது. பயிர்க்காவல் துவக்கு ஒன்றுக்கு அவர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார். நான் கிராம சேவகரிடம் போய் அந்த விண்ணப்பத்தை என் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். "பொம்பிளைக்கு என்னத்துக்குத் துவக்கு?" என்றார். "பன்னி ஆம்பள பொம்பள பாத்தா வருதுங்க?" என்றேன். கையொப்பம் வைத்துத் தந்தார்.

அதன் பின்னர் தை மாதம் கடிதம் வந்தது. துவக்கு அனுமதிப் பத்திரம் கேட்டவர்கள் இரண்டு நாள் வகுப்புக்கு வரவேண்டும், மூன்று கிழமை கழித்துச் சுட்டுக் காட்ட வேண்டும், ஐந்து வெடியில் குறைந்தது மூன்று பலகையில் பட்டால்தான் பத்திரம் என்று அதில் இருந்தது. போனவர்கள் பதினாலு பேர், அதில் பெண் நான் ஒருத்தி. இங்கே இப்போது கதிரையில் இருக்கிற பொலிஸ் சாஜன் ஐயாதான் படிப்பித்தார். துவக்கை மடித்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும், குழலை ஒருநாளும் ஆளுக்கு நேரே பிடிக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னார். கடைசியில் விசையை வெடுக்கென்று இழுக்க வேண்டாம், விரல் நுனியால் மெல்ல அமத்த வேண்டும், அந்த நேரம் உடம்பு அசையக் கூடாது என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொழுந்தை நகத்தால் கிள்ளினால் கறுத்துப் போகும், கங்காணி கண்டால் கூடையைக் கவிழ்த்து விடுவார், அதனால் விரல் நுனியால்தான் ஒடிக்க வேண்டும். சரிவில் கால் அசையாமல் நிற்க வேண்டும். பதினெட்டு வருடம் என் விரல் செய்த வேலையைத்தான் சாஜன் ஐயா புதிதாகச் சொல்லித் தந்தார்.

அதன் பின்னர் மூன்று கிழமை வீட்டில் பழகினேன். வீட்டில் துவக்கு கிடையாது, இருந்தால் நான் ஏன் பத்திரத்துக்கு அலைகிறேன்? உலக்கையைத் தோளில் அணைத்துப் பிடித்து வேலிக்கட்டையைக் குறி பார்த்தேன். என் கணவர் கட்டிலை முற்றத்தில் போடச் சொல்லி, படுத்தபடியே உலக்கை நுனியில் ஒரு புளியங்கொட்டையை வைப்பார். அது விழாமல் அவர் நூறு எண்ணி முடிக்க வேண்டும். முதல் நாள் பன்னிரண்டில் விழுந்தது. "ஆடுது புள்ள, மறுபடி புடி" என்பார். கால் போனதிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த மனுஷர், அந்த மூன்று கிழமையும் காலையில் எனக்கு முன்பே விழித்துக் கிடந்தார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, காலை வெயிலில், வீதியில் போகிறவர்கள் பார்க்கத்தான் செய்தோம்.

அதன் பின்னர் இம்மாதம் 14ஆந் திகதி குளக்கட்டுக்குப் பின்னால் சுடும் பரீட்சை நடந்தது. நாற்பது யார் தூரம் தள்ளி நட்ட பலகையில் கரியால் பன்றி கீறியிருந்தது. ஆளுக்கு ஐந்து ஒற்றைக் குண்டுத் தோட்டா. எனக்கு முன் சுட்டவர் வங்காலையைச் சேர்ந்த பஸ்ரியன், அவருக்கு இரண்டு பட்டது. நான் முதல் வெடி வைத்தபோது துவக்கு தோளில் உதைத்து ஓரடி பின்னால் தள்ளிவிட்டது. மற்ற நான்கையும் காலை ஊன்றி நின்று வைத்தேன். பஸ்ரியன் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, நீங்கள் பண்டியைச் சுடேல்லை, அதின்ர நெற்றியில பொட்டெல்லோ வைச்சிருக்கிறியள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாஜன் ஐயா சிரிக்கவில்லை. அவர் போய்த் தன் உள்ளங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தார். நான்கு ஓட்டை அந்தக் கைக்குள் அடங்கியது, ஐந்தாவது காதடியில் இருந்தது. தேறிய மற்ற ஆறு பேருக்கு அங்கேயே தேறியதாக எழுதிய துண்டு கொடுத்தார்கள், எனக்கு மட்டும் தரவில்லை.

அதன் பின்னர் 18ஆந் திகதி ஜீப் வந்தது. என் வீட்டில் ஆயுதப் பயிற்சி நடக்கிறதென்று பெயர் போடாத மனு ஒன்று கிடைத்ததாம். அரிசிப் பானை, கட்டில், கூரை எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் உலக்கையைக் கொண்டு போனார்கள். அது உலக்கை என்று சொன்னேன், பார்க்கிறவர்களுக்கே தெரியும். பட்டியலில் 'இரும்புப் பூண் போட்ட நீண்ட மரப்பொருள் ஒன்று' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அன்றிலிருந்து பக்கத்துக் காணி றோசம்மாவின் உலக்கையை இரவல் வாங்கித்தான் மா இடிக்கிறேன். என் உலக்கையைத் திருப்பித் தரவேண்டும். நேற்று மாலை என்னையும் இங்கு கூட்டி வந்தார்கள்.

எனக்குப் பயிற்சி தந்தது யார், காட்டிலிருக்கிற இயக்கப் பொடியன்கள் வீட்டுக்கு வந்து போகிறார்களா என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வதாவது: ஒருவரும் வருவதில்லை. எனக்குப் படிப்பித்தது மூன்று பேர். ஒருவர் இந்தச் சாஜன் ஐயா. மற்றவர் நடக்க முடியாத என் கணவர். மூன்றாமவர் தோட்டத்துக் கங்காணி. பிடிப்பதென்றால் அவரையும் பிடியுங்கள், நான் சந்தோஷப்படுவேன். துவக்குச் சுட்டுப் பழகியவளுக்குத் துவக்கு உதைக்கும் என்று தெரியாமல் போகுமா? என் வலது தோள் இன்னும் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. பெண் பொலிஸ் ஒருவரை அழைத்தால் காட்டுகிறேன் என்றேன். இந்த நிலையத்தில் பெண் பொலிஸ் இல்லை என்றார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

அதன் பின்னர் பொறுப்பதிகாரி சிங்களத்தில் ஏதோ சொல்ல, கொன்ஸ்டபிள் எனக்குச் சொன்னார்: "அக்கா, தற்செயலாப் பட்டதெண்டு சொல்லுங்கோ. மனுவைக் கிழிச்சுப் போடுவினம். துவக்குப் பத்திரம் கிடைக்காது, ஆனால் இண்டைக்கே வீட்டை போகலாம்." வீட்டில் என் கணவருக்கு றோசம்மாதான் தண்ணீர் மொண்டு கொடுக்கிறாள். இன்றைக்கே போனால் நான் கொடுப்பேன். ஆனால் இன்னும் மூன்று கிழமையில் கச்சான் பிடுங்க வேண்டும். துவக்கு இல்லாவிட்டால் அதைப் பன்றிதான் பிடுங்கும். இந்தப் போகமும் போனால் காணியை விட்டுப் போக வேண்டும், எங்களுக்கு இதற்கு மேல் போக ஓரிடமும் கிடையாது. மலையில் எரித்தார்கள், வந்தோம். இங்கிருந்து எங்கே, கடலுக்கா?

ஆகையால் சொல்கிறேன். ஐந்தையும் குறி பார்த்தே சுட்டேன். சந்தேகம் இருந்தால் இன்னும் ஐந்து தோட்டா தந்து, பலகையை வேண்டுமானால் இன்னும் பத்து யார் தூரம் தள்ளி வையுங்கள். தேறியவளுக்குத் துண்டு தரவேண்டும் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வாசிக்கும்போது, 'வெடிகள் தற்செயலாகப் பட்டிருக்கலாம்' என்று ஒரு வரி இடையில் வந்தது. அது நான் சொன்னதல்ல, வெட்டுங்கள் என்றேன். கொன்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களுக்காகத்தான் போட்டனான்" என்றார். அவர் நல்ல பிள்ளை, அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். "வெட்டுங்க தம்பி" என்றேன். இதையும் எழுதச் சொன்னேன். எஞ்சியவை முழுவதும் என் வாயால் வந்தவை, அதில் பொய் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

ஒப்பம்: கா. பேச்சியம்மா

குறிப்பு: ஒரு வரி வெட்டப்பட்டது. வெட்டிய இடத்திலும் வாக்குமூலம் தந்தவர் கையெழுத்திட்டுள்ளார். நேரம் பகல் 12.15. வாக்குமூலம் தந்தவர் தொடர்ந்து தடுத்து வைக்கப்பட்டார்.