சுற்றி ஓடும் மரக்குதிரைகள்

மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பேர். மூத்தவர் சொன்னார்: "ஏழு வருசம் துடைச்ச கண்ணாடியிலை நேற்று நானே கை அடையாளம் வைச்சிட்டு வந்தனான்."

"எங்கை அண்ணை?"

"றோரோஸிலை. செப்புச் சுரங்க மியூசியத்திலை முந்திக் கிளீனிங் செய்தனான். விடிய, திறக்க முதல் துடைச்சுப்போட்டுப் போயிடுவன். ஒரு கண்ணாடிப் பெட்டியிலை மட்டும் எப்பவும் சின்னப் பிள்ளையளின்ரை கை அடையாளம். ஏனெண்டு விளங்கினதேயில்லை."

"இப்ப விளங்கிச்சுதோ?"

"ஓம். நேற்றுத்தான் டிக்கெட் எடுத்துச் சனத்தோடை சனமாப் போனனான். அந்தப் பெட்டிக்குள்ளை சுரங்கச் சக்கரத்தை இழுக்கிற சின்ன மரக்குதிரையள். பகலிலை கரண்ட் போட்டால் சுத்திச் சுத்தி ஓடுதுகள். கண்ணாடியிலை கையை ஊண்டிக்கொண்டு பாத்தபடியே நிண்டிட்டன்."

"பிறகு துடைச்சனீங்களோ?"

"சீச்சீ. விடிய வாற ஆள் யோசிக்கட்டும், ஆரடா இவ்வளவு பெரிய கையோடை வந்த பிள்ளையெண்டு."